ஆணைநிரலும் அதன் ஏடும்: கணிப்பொறி இலக்குக் கோப்பு வடிவங்களின் தொடக்க வரலாறு

முன்னுரை

ஒரு நூலின் வரலாறு அந்நூல் கூறும் பொருளின் வரலாறு மட்டுமன்று. அது எழுதப்பெற்ற ஏட்டின் வரலாறும் ஆகும். சுவடி ஆராய்ச்சியில் ஈடுபட்டோர் இதனை நன்கறிவர். ஏட்டின் ஓரத்தே நின்ற எண்ணும், முதலேட்டின் குறிப்பும், கட்டினை அவிழ்த்தோர் மாற்றிக் கோத்த முறையும் சில வேளைகளில் பாடத்தினும் சிறந்த சான்றாக அமைவதுண்டு. கணிப்பொறிக்கென மாந்தர் எழுதிவைத்த ஆணைகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

கணிப்பொறியின் நிரல் மூலவடிவில் எழுதப்படுகின்றது. பின்னர்ப் பொறி ஏற்கும் வடிவிற்கு மாற்றப்படுகின்றது. மாற்றப்பெற்ற வடிவம் ஒரு கோப்பாக நிற்கும். அக்கோப்பு வெறும் எண்களின் நிரை என்றும், அதற்கெனத் தனி வரலாறு இல்லை என்றும் கருதுவோர் உளர். அக்கருத்து அமையாது என்பது எம் துணிபு. அக்கோப்பில் ஆணைகளோடு ஆணைகளைப் பற்றிய செய்திகளும் உள்ளன. எவ்விடத்து எண் மாறத்தக்கது, எப்பெயர் இன்னும் பொருள் பெறாது நிற்கின்றது, எங்குத் தொடங்குதல் வேண்டும் என்பன அச்செய்திகளாம். நூலுக்குப் பாயிரம் போன்ற இப்பகுதியே வடிவம் எனப்படுவது. அது 1948 முதல் யாங்ஙனம் வளர்ந்தது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

சொல்லாய்வு

முதற்கண், பெயரைத் தெளிதல் வேண்டும். ஆங்கிலத்தில் இக்கோப்பினை 'ஆப்ஜெக்ட்' என்னும் அடையால் வழங்குவர். அச்சொல்லைக் கண்டவுடன் 'பொருள்' எனத் தமிழில் பெயர்த்தல் எளிது. ஆயின் அது பிழையாம். ஐபிஎம் 704 பொறிக்கென 1956-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் கையேட்டில் இரு நிரல்கள் எதிரெதிரே வைத்துக் கூறப்படுகின்றன. மாந்தர் எழுதுவது ஊற்று நிரல். பெயர்ப்பு முடிந்து பெறுவது 'ஆப்ஜெக்ட்' நிரல். ஊற்றுக்கு எதிராக நிற்கும் சொல், சென்று சேரும் இடத்தையே குறித்தல் வேண்டும். ஆகவே, நோக்கம், குறி, இலக்கு என்னும் பொருளே ஈண்டுக் கொள்ளத்தக்கது. 'இலக்குக் கோப்பு' என்பதே தக்க தமிழாக்கம் எனக் கொண்டு இக்கட்டுரையில் அவ்வாறே வழங்குகின்றோம். 'பொருட்கோப்பு' என வழங்கின், பிற்காலத்துத் தோன்றிய வேறொரு நிரலாக்க முறையோடு இது மயங்கும். கலைச்சொல் படைப்போர் சொல்லின் வரலாற்றை நோக்காது அகராதியை மட்டும் நோக்கின் நேரும் இடர்க்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

வடிவம் தோன்றாக் காலம்

1948 ஜூன் 21-ஆம் நாள் மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்துச் சிறு பொறியொன்று தன் நினைவகத்தில் வைக்கப்பெற்ற நிரலை முதன்முறையாக நிறைவேற்றியது. அந்நினைவகம் 32 சொற்களைக் கொண்டது. சொல் ஒவ்வொன்றும் 32 இருமக் குறிகளால் ஆயது. ஆணைகளைக் கையால் விசைகளை அழுத்தியே உட்செலுத்தினர். அங்கு ஏடும் இல்லை. ஏட்டின் வடிவமும் இல்லை. நிரல் என்பது நினைவகத்தின் நிலையே அன்றிப் பிறிதொன்று அன்று.

ஆயின் கருத்தளவில் சிக்கல் முன்னரே உணரப்பட்டிருந்தது. பெருங்கணக்குகளில் ஒரே வகையான சிறுகணக்குகள் திரும்பத் திரும்ப வரும். அவற்றைத் துணைநிரல்களாக எழுதி வைத்துக்கொண்டு வேண்டுழி எடுத்தாளலாம். 1947-இல் ஜான் மாக்லி நாடாக்களில் சேர்த்துவைத்த துணைநிரல்களை முதன்மை நிரலோடு ஏற்றுவது பற்றியும், ஏற்றும் இடத்திற்கேற்ப அவற்றின் முகவரிகளை மாற்ற வேண்டுவது பற்றியும் எழுதினார். 1948-இல் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தைச் சார்ந்த கோல்ட்ஸ்டைனும் ஃபான் நாய்மனும் தம் அறிக்கையின் மூன்றாந் தொகுதியில், நிரல்களைக் கூட்டிச் சேர்க்கும் பணியைப் பொறியே தனக்குத் தான் ஆற்றுதல் கூடும் எனக் காட்டினர்.

சிக்கலின் இயல்பு இது. ஒரு துணைநிரலில் 'ஐந்தாம் இடத்திலுள்ள எண்ணைக் கூட்டுக' என்னும் ஆணை இருப்பதாகக் கொள்வோம். அத்துணைநிரல் நினைவகத்தின் தொடக்கத்தில் இருப்பின் ஆணை பிழையற்றது. அதனை நூறாம் இடத்திற்குப் பெயர்த்தால், ஆணை நூற்றைந்தாம் இடத்தைச் சுட்டுதல் வேண்டும். ஆயின் எல்லா எண்களும் இவ்வாறு மாறத்தக்கனவல்ல. 'ஐந்து இடம் நகர்த்துக' என்புழி ஐந்து ஐந்தாகவே நிற்றல் வேண்டும். இரண்டையும் பொறி பிரித்தறிதல் யாங்ஙனம்? எண்ணைப் பார்த்து அறிதல் இயலாது. எண்ணுக்குப் புறம்பே ஓர் அடையாளம் வேண்டும். அவ்வடையாளமே இலக்குக் கோப்பு வடிவத்தின் வித்து ஆகும்.

கேம்பிரிட்ஜ் நாடா

அவ்வித்து முளைத்த இடம் கேம்பிரிட்ஜ். மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் அமைக்கப்பெற்ற எட்சாக் பொறி 1949 மே 6-ஆம் நாள் இயங்கத் தொடங்கியது. அதற்கு ஐந்துளை நாடாவின் வழியே ஆணைகள் செலுத்தப்பட்டன. நாடாவைப் படித்து ஆணைகளை நினைவகத்தில் வைக்கும் பணிக்கென டேவிட் வீலர் 'தொடக்க ஆணைகள்' என்னும் சிறு நிரலை இயற்றினார். முதற்கண் அது 31 ஆணைகளைக் கொண்டது. தொலைபேசி நிலையங்களில் வழங்கிய சுழல்விசைகளில் கம்பியிட்டு நிலைநிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் 41 ஆணைகளைக் கொண்ட இரண்டாம் வடிவம் வந்தது. வரலாற்றில் சிறப்பிடம் பெறுவது இவ்விரண்டாம் வடிவமே.

இதன்கண் ஒவ்வோர் ஆணையும் ஒரு செயலெழுத்து, ஓர் எண், ஈற்றில் ஒரு குறியெழுத்து என மூவுறுப்பு உடையதாய் நின்றது. ஈற்றெழுத்து 'எஃப்' ஆயின் எண் உள்ளவாறே கொள்ளப்படும். ஈற்றெழுத்து 'தீட்டா' என்னும் கிரேக்க எழுத்தாயின், அத்துணைநிரல் தொடங்கும் இடத்தின் எண் அதனோடு கூட்டப்படும். 'ஏ 5 எஃப்' என்பது எஞ்ஞான்றும் ஐந்தாம் இடத்தையே சுட்டும். 'ஏ 5 தீட்டா' என்பதோ துணைநிரல் 100-இல் தொடங்கின் 105-ஐயும், 200-இல் தொடங்கின் 205-ஐயும் சுட்டும்.

தமிழ் இலக்கணம் கற்றார்க்குப் புணர்ச்சியிலக்கணம் ஈண்டு நினைவிற்கு வரும். நிலைமொழியும் வருமொழியும் சேருங்கால் சில இயல்பாய் நிற்கும்; சில திரியும். எது இயல்பு, எது திரிபு என்பதைச் சொல்லின் இயல்பே அறிவிக்கும். எட்சாக் நாடாவில் அதனை ஈற்றெழுத்து அறிவித்தது. ஆயின் ஒப்புமையை அளவிறந்து கொள்ளலாகாது. மொழியில் திரிபு அண்டை ஒலியால் நேர்வது. பொறியில் அது நிற்கும் இடத்தால் மட்டுமே நேர்வது.

இம்முறையால் துணைநிரல்களைச் சேமித்து வைத்தல் பயனுடையதாயிற்று. 1951-ஆம் ஆண்டளவில் எட்சாக் நூலகத்தில் 87 துணைநிரல்கள் இருந்தன. அவ்வாண்டு வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவர் நிரல் இயற்றும் முறை பற்றிய தம் நூலை வெளியிட்டனர். ஆயினும் ஒரு குறை எஞ்சியது. எத்துணைநிரலை எவ்விடத்தில் வைப்பது என்பதை நிரல் எழுதுவோரே கணக்கிட்டு, அழைக்கும் ஆணையில் அவ்விடத்தின் எண்ணை எழுதுதல் வேண்டும். இடம்பெயர்தல் பொறியின் பணியாயிற்று. இணைத்தல் இன்னும் மாந்தர் பணியாகவே நின்றது.

தொகுத்தலும் பெயரும்

இணைக்கும் பணியையும் பொறியிடம் ஒப்படைத்தவருள் கிரேஸ் ஹாப்பர் முதன்மையானவர். யூனிவாக் பொறிக்கென அவர் 1951, 1952-ஆம் ஆண்டுகளில் இயற்றிய ஏ-0 என்னும் நிரல், நூலகத்துத் துணைநிரல்களை அவற்றின் அழைப்பெண்களைக் கொண்டு தேடியெடுத்து, முகவரிகளைத் திருத்தி, ஒரே நிரலாக அடுக்கித் தந்தது. அதற்கு அவர் இட்ட பெயர் 'கம்பைலர்', அஃதாவது தொகுப்பது. பல புலவர் பாடல்களைத் தேர்ந்து ஒரு தொகைநூலாக்குவார் செயல் எத்தகையதோ, அத்தகையதே அதன் செயல். பிற்காலத்தில் அப்பெயர் உயர்மொழியைப் பொறிமொழியாகப் பெயர்க்கும் நிரலுக்கு உரியதாயிற்று. தமிழில் இன்று வழங்கும் 'தொகுப்பி' என்னும் சொல், அதன் இக்காலச் செயலுக்குப் பொருந்தாவிடினும், 1952-இன் பொருளைக் காத்து நிற்கின்றது.

எண்ணால் அழைத்தலினின்று பெயரால் அழைத்தலுக்கு மாறியது அடுத்த பெரும் படி. 1957-இல் ஐபிஎம் 704-க்கென வெளிவந்த ஃபோர்ட்ரானில் நிரல் முழுவதையும் ஒருங்கே பெயர்த்தல் வேண்டியிருந்தது. ஒரு வரியைத் திருத்தினும் அனைத்தையும் மீண்டும் பெயர்க்க வேண்டும், பொறிநேரமோ விலைமிக்கது. 1958-இல் வந்த ஃபோர்ட்ரான் இரண்டாம் பதிப்பு இதனைத் தீர்த்தது. துணைநிரல்களைத் தனித்தனியே பெயர்த்து அட்டைக் கட்டுகளாக வைத்துக்கொண்டு, இயக்கும்போது 'பிஎஸ்எஸ் ஏற்றி' என்னும் நிரலால் சேர்த்துக்கொள்ளலாயிற்று. அப்பெயரின் விரிவு 'இருமக் குறியீட்டுத் துணைநிரல்' என்பது.

ஓர் அட்டையில் 72 நிரல்களும் 12 வரிசைகளும் பயன்பட்டன. 864 துளையிடங்கள் 36 குறிகள் கொண்ட 24 சொற்களாயின. அவற்றுட் சில இடங்கள் ஆணைகளுக்கன்றி, ஆணைகளின் முகவரிகள் பெயரத்தக்கனவா அல்லவா என்பதை அறிவிக்கும் குறிகளுக்கு ஒதுக்கப்பட்டன. எட்சாக்கில் ஆணையோடு ஒட்டி நின்ற ஈற்றெழுத்து ஈண்டு ஆணையினின்று பிரிந்து தனியிடம் பெற்றது.

பெயர்களை வைத்த முறை இதனினும் வியத்தற்குரியது. ஒரு நிரல் பிற துணைநிரல்களை அழைக்குமாயின், அவற்றின் பெயர்கள் அந்நிரலின் தலைப்பில் ஒரு பட்டியாக நின்றன. ஓரெழுத்துக்கு ஆறு குறிகள் வீதம் ஆறெழுத்துப் பெயர் ஒன்று 36 குறிகள் கொண்ட ஒரு சொல்லில் சரியாக அடங்கும். ஏற்றி அப்பெயரைப் படித்து, அத்துணைநிரல் நிற்கும் இடத்தைக் கண்டு, பெயர் இருந்த அதே இடத்தில் அவ்விடத்திற்குத் தாவும் ஆணையை எழுதும். நிரலின் உள்ளே உள்ள அழைப்புகள் அனைத்தும் இத்தலைப்பட்டியையே சுட்டுமாதலின், அவற்றைத் தீண்ட வேண்டுவதில்லை. ஏற்றுவதற்கு முன் பெயர். ஏற்றிய பின் செயல். பெயர் நின்ற இடத்திலேயே வினை வந்து அமைதல் இம்முறையின் நுட்பமாகும்.

நால்வகை அட்டை

1964 ஏப்ரல் 7-ஆம் நாள் ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம் 360 என்னும் பொறிக்குடும்பத்தை அறிவித்தது. சிறியது முதல் பெரியது வரையுள்ள பல பொறிகளுக்கு ஒரே ஆணைமொழி என்பது அதன் கொள்கை. அதன் இலக்குக் கோப்பு வடிவம் தெளிவில் சிறந்தது.

அட்டை ஒவ்வொன்றின் முதல் நிரலிலும் 12, 2, 9 ஆகிய மூன்று துளைகள் இருக்கும். இஃது இலக்கு அட்டை என்பதற்கு அவை அடையாளம். அடுத்த மூன்று நிரல்களில் அட்டையின் வகைப்பெயர் நிற்கும். 'ஈஎஸ்டி' அட்டை பெயர்களைக் கூறும். இந்நிரல் பிறர்க்கு அளிக்கும் பெயர்களும் பிறரிடம் வேண்டும் பெயர்களும் அதில் உள. 'டிஎக்ஸ்டி' அட்டை ஆணைகளைத் தாங்கும். ஓர் அட்டைக்கு 56 எண்மங்கள் வரை. 'ஆர்எல்டி' அட்டை எவ்வெவ்விடங்களில் எவ்வெப் பெயரின் முகவரியைக் கூட்டுதல் வேண்டும் என்பதைப் பட்டியலிடும். 'எண்ட்' அட்டை முடிவினையும் தொடக்க இடத்தையும் அறிவிக்கும். இறுதி எட்டு நிரல்கள் வரிசையெண்ணுக்கு உரியன. கட்டு சிதறி வீழ்ந்தால் மீண்டும் அடுக்குதற்கு அவை துணையாகும். கயிறு அறுந்த சுவடிக்கு ஏட்டெண் உதவுமாறு போல்வது இது.

இவற்றுள் ஆணைகளைத் தாங்கும் அட்டையின் பெயர் 'பாடம்' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் என்பது தமிழாய்வாளர் மனங்கொள்ளத்தக்கது. பொறிக்குரிய ஆணைகளைப் பாடம் என்றும், ஏனையவற்றைப் பாடம் பற்றிய குறிப்புகள் என்றும் வடிவம் வகுத்தோரே பிரித்துணர்ந்தனர். அட்டைகளை இணைத்த நிரலையும் 'இணைப்புப் பதிப்பாளர்' என்னும் பொருள்பட வழங்கினர். அப்பெயர் அணி கருதியதன்று. இணைத்து முடித்த கோப்பிலும் பெயர்ப்பட்டியும் திருத்தப்பட்டியும் காக்கப்பட்டன. ஆதலின் அதனை மீண்டும் எடுத்து ஒரு பகுதியை நீக்கி வேறொன்றை இடுதல் இயன்றது. பாடவேறுபாட்டுக் குறிப்போடு கூடிய பதிப்பை அடுத்த பதிப்பாசிரியர் திருத்தலாம். குறிப்பற்ற பதிப்பைத் திருத்தல் அரிது. இவ்வட்டை வடிவத்தை அதன் வழிவந்த பெரும்பொறி முறைமை இன்றும் ஏற்கின்றது. அட்டைகள் மறைந்தன, எண்பது நிரல் வரையறை மறையவில்லை.

ஆணை அடையாளமானமை

1959-இல் முதன்முதல் காட்டப்பெற்ற பிடிபி-1 என்னும் பொறியில் வேறொரு முறை இருந்தது. நாடாவில் முதலில் ஓர் ஆணை வரும். 'இவ்விடத்தில் இடுக' என்பது அதன் பொருள். அடுத்து வரும் சொல்லைப் பொறி அவ்விடத்தில் இடும். இவ்வாறு இரண்டிரண்டாகச் சென்று, இறுதியில் 'இவ்விடத்திற்குத் தாவுக' என்னும் ஆணை வரின், ஏற்றுதல் முடிந்து நிரல் அங்கிருந்து தொடங்கும். ஈண்டு வடிவக் குறிப்புகளும் ஆணைகளாகவே நின்றன.

இதனோடு ஒப்பவைத்து நோக்கத்தக்கது யூனிக்ஸ் முறைமையின் 'ஏ.அவுட்' வடிவம். அப்பெயர் 'பொறிமொழிபெயர்ப்பியின் வெளியீடு' எனப் பொருள்படும். 1969-இல் பிடிபி-7 பொறியில் இம்முறைமை தொடங்கியபோது இணைக்கும் நிரல் ஏதும் அங்கில்லை. மொழிபெயர்ப்பியின் வெளியீடே நேரே இயக்கத்தக்கதாய் நின்றது. பின்னர் இணைப்பி வந்தது. எனினும் இணைப்பியின் வெளியீட்டிற்கும் பழைய பெயரே நிலைத்தது. இன்றும் சி மொழியில் நிரல் பெயர்ப்போர் பெயரிடாது விடின், பல முறைமைகளில் 'ஏ.அவுட்' என்னும் கோப்பே தோன்றும். காரணம் மறைந்த பின்னும் பெயர் நின்ற இடுகுறி அது.

1971 நவம்பர் 3-ஆம் நாளிட்ட யூனிக்ஸ் முதற் கையேடு பிடிபி-11 பொறிக்குரிய வடிவத்தை விளக்குகின்றது. கோப்பின் தலைப்பில் ஆறு சொற்கள் உள்ளன. முதற்சொல் ஒரு தாவல் ஆணை. அடுத்தவை பாடத்தின் அளவு, பெயர்ப்பட்டியின் அளவு, இடம்பெயர் குறிகளின் அளவு முதலியன. கோப்பு முழுவதையும் நினைவகத்தில் இட்டு முதலிலிருந்து இயக்கினாலும், முதற்சொல்லாகிய ஆணை எஞ்சிய தலைப்பைத் தாண்டிப் பாடத்திற்குக் கொண்டு செல்லும். எண்மானத்தில் அவ்வாணையின் மதிப்பு 0405. தலைப்பு எட்டுச் சொற்களாக வளர்ந்தபோது தாண்ட வேண்டிய தொலைவும் மிக்கது. ஆணை 0407 ஆயிற்று.

பின்னர் வந்த பதிப்புகளில் தலைப்பை நினைவகத்தில் ஏற்றும் வழக்கம் ஒழிந்தது. ஆயின் 0407 ஒழியவில்லை. கோப்பின் வகையைக் காட்டும் அடையாளமாக நிலைத்தது. பாடத்தை மாற்றவொண்ணாததாக வைக்கும் வகைக்கு 0410 என்னும் எண் வந்தது. தாவல் ஆணையாக அதனை எவரும் இயக்கக் கருதவில்லை. வாக்ஸ் என்னும் வேறு பொறிக்கு யூனிக்ஸ் சென்றபோதும் 0407 உடன்சென்றது. அங்கு அது தாவல் ஆணையே அன்று. வினைச்சொல்லாய் இருந்தது வினைப்பொருள் இழந்து இடைச்சொல்லாய்க் குறுகுதலை மொழி வரலாற்றில் காண்கின்றோம். அதற்கொத்த நிகழ்ச்சி ஈண்டு நிகழ்ந்தது. 'மந்திர எண்' என்று இதனை வழங்குவர். வரலாறு அறிந்தார்க்கு இதில் மந்திரம் யாதும் இல்லை.

மற்றொரு குறிப்பும் உரைத்தற்குரியது. தொடக்க மதிப்பில்லாத் தரவுப் பகுதிக்கு யூனிக்ஸ் கோப்புகளில் 'பிஎஸ்எஸ்' என்று பெயர். முன்னர்க் கூறிய ஏற்றியின் பெயரும் அதுவே. ஆயின் இரண்டும் ஒரு வேரின அல்ல. தரவுப் பகுதியின் பெயர் ஐபிஎம் 704 பொறிக்குரிய மொழிபெயர்ப்பியில் 'குறியால் தொடங்கும் தொகுதி' என்று பொருள்பட்ட ஆணைப்பெயர். எழுத்தொப்புமை கண்டு ஒன்றெனக் கொள்ளின் வரலாறு பிழைபடும்.

வடிவம் அறியாக்கால்

இவ்வாராய்ச்சியால் பயன் யாது எனின், கூறுதும். 1972-ஆம் ஆண்டினதாகிய யூனிக்ஸ் உட்கருவின் அச்சுப்படி ஒன்றைக் கொண்டு 2008-இல் ஆர்வலர் சிலர் அம்முறைமையை மீண்டும் இயக்க முயன்றனர். உட்கருவின் மூலம் தாளில் கிடைத்தது. துணையாகிய நிரல்களோ பழைய நாடாவொன்றில் இலக்கு வடிவில் மட்டுமே கிடைத்தன. உட்கரு அறிந்தது 0405 வடிவம். நாடாவிலிருந்தனவற்றுட் பல 0407 வடிவின. ஒரே பொறிக்கு, ஒரே குழுவினர், சிறிது காலத்திற்குள் எழுதியனவாயினும் ஒன்றையொன்று ஏற்கவில்லை. இரண்டு வடிவங்களின் வேறுபாட்டை அறிந்து, உட்கருவைத் திருத்திய பின்னரே அவை இயங்கின. பாடம் முழுமையாய் இருந்தும் அதன் ஏட்டு முறையை அறியாமையால் படிக்கவொண்ணாது போதல் உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இந்நிலை பழங்காலத்திற்கு மட்டும் உரியதன்று. 'ஏ.அவுட்' வடிவத்தின் இடத்தை யூனிக்ஸ் சிஸ்டம் ஐந்தின் வழிவந்த 'எல்ஃப்' வடிவம் பெற்றது. லினக்ஸ் முறைமை தன் உட்கருவினின்று பழைய வடிவத்தை 2022-இல் முற்றும் நீக்கியது. எம்எஸ்-டாஸ் முறைமைக்கென வந்த வடிவத்தின் தலைப்பில், அதனை வகுத்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயர்முதலெழுத்துகளாகிய 'எம்', 'இசட்' இரண்டும் பொறிக்கப்பட்டன. விண்டோஸ் கோப்புகளின் முதலில் அவை இன்றும் நிற்கின்றன. ஒரு வடிவம் வழக்கொழிகின்றது. ஒரு வடிவம் புதியதன் வாயிலில் எலும்பாய் நிற்கின்றது. எது ஒழியும், எது நிற்கும் என முன்னுரைத்தல் அரிது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. ஒன்று: இலக்குக் கோப்பின் வரலாறு, முடிவு செய்யப்படாதவற்றைக் குறித்துவைக்கும் முறையின் வரலாறே ஆகும். முதற்கண் இடம் முடிவு செய்யப்படாது நின்றது. எட்சாக்கின் ஈற்றெழுத்து அதனைக் குறித்தது. அடுத்துப் பெயர் முடிவு செய்யப்படாது நின்றது. பிஎஸ்எஸ் தலைப்பட்டியும் ஈஎஸ்டி அட்டையும் அதனைக் குறித்தன. இரண்டு: ஆணையோடு ஒட்டி நின்ற குறிப்பு படிப்படியே ஆணையினின்று பிரிந்து தனி உறுப்பாயிற்று, 0407 போன்றவற்றில் ஆணையே குறிப்பாகவும் மாறிற்று. மூன்று: குறிப்பைக் காத்த வடிவங்கள் திருத்தத்திற்கும் மீட்புக்கும் இடந்தந்தன, குறிப்பைக் களைந்தவை தரவில்லை.

நம் காலத்து நூல்களும், அகராதிகளும், கல்வெட்டுப் பட்டியல்களும் கணிப்பொறிக் கோப்புகளாகவே பெரும்பாலும் சேமிக்கப்படுகின்றன. அவற்றைத் திறக்கும் நிரல்களும் கோப்புகளே. ஆதலின் பாடத்தைக் காக்க முனையும் தமிழாய்வாளர், பாடத்தோடு அதன் வடிவ விளக்கத்தையும் தாளிலேனும் எழுதிக் காத்தல் கடன் என்பது எம் கருத்து. எட்சாக் நாடாவின் முறையை நாம் இன்று அறிவது, 1951-இல் அம்மூவர் அதனை நூலாக அச்சிட்டு வைத்தமையால் அன்றோ?